இருநூற்று நாற்பதாம் பக்கம்

'ம்' என்றுதான் சொன்னாள். அது ஒரு சொல்கூட இல்லை, வாயைத் திறக்காமலே மூக்கு வழியாக வந்துவிடுகிற சத்தம், தலைவலித் தைலம் தேய்க்கும்போதும் வரும், ஆபீசில் யாராவது லீவு கேட்கும்போதும் வரும். ஆனால் புதன்கிழமை சாயங்காலம் சொன்ன அந்த 'ம்' ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு இருபதுக்கும் காதை விட்டுப் போகவில்லை. பேருந்து திருநெல்வேலிப் புதிய நிலையத்தை விட்டு வெளியே வந்து நான்குவழிச் சாலையில் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பியூலா மடியிலிருந்த கைப்பையின் வாயை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். உள்ளே ஒரு நாவல், கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில். பதினோரு மணிக்கு நாகர்கோவிலில் அந்த நாவலைப் பற்றி மேடையில் இருபது நிமிடம் பேச வேண்டும். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தாறு வருஷம், நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பில் புதிதாக வருகிற மர்ம நாவல்களையும் மாயக்கதைகளையும் அறிமுகம் செய்து பதினோரு வருஷம். இரண்டு வேலையிலும் இதுவரை ஒரு பெயரைக்கூடத் தப்பாக எழுதியதில்லை என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். புதன்கிழமை போன் செய்தது நாவலாசிரியர் வில்பிரட், குளச்சலில் படகு இஞ்சின் பழுது பார்க்கிறவர், நாற்பத்து மூன்று வயது, எழுதிய ஒரே புத்தகம் 'உப்புக் கதவு'. மூன்று ஞாயிறுகளுக்கு முன் அவள் எழுதிய மதிப்புரைக்கு நன்றி சொன்னார், முதல் பதிப்பு தீர்ந்துபோனதைச் சொன்னார், கூட்டத்துக்கு அழைத்தார், பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "மேடம், நீங்க நாசூக்கா சொல்லியிருந்திய, எனக்குப் புரியாம இல்ல. கடைசி அத்தியாயத்தப் பத்தி ஒரு வார்த்த எழுதாம, 'கதவு திறந்தே கிடந்தது'ங்கியதோட நாவலே முடிஞ்ச மாதிரி எழுதியிருந்திய. பதிப்பாளரும் அதத்தான் சொல்லுதாரு. ரெண்டாம் பதிப்புல அந்தப் பதினாறு பக்கத்தையும் எடுத்திருதோம். திங்கக்கிழம அச்சுக்குப் போவுது." அப்போதுதான் அவள் 'ம்' என்றாள்.

போனை வைத்துவிட்டு அலமாரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். இருநூற்று நாற்பது. 'கதவு திறந்தே கிடந்தது.' முற்றுப்புள்ளி. அதற்குப் பின் அட்டை. முன்பக்கம் திருப்பி, பதிப்பு விவரத்தைப் பார்த்தாள். பக்கங்கள் இருநூற்று ஐம்பத்தாறு. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து அடுக்கித்தான் தைக்கிறார்கள், அந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியாதா. பைண்டிங்கில் எவர் கையிலோ கடைசி ஃபாரம் நழுவியிருக்கிறது. ஆயிரத்தில் ஒன்றுக்கு அப்படி நடக்கும், அந்த ஒன்று அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்ததும் குற்றமில்லை. அரைகுறைப் பிரதியை முழு நாவல் என்று நம்பியதுகூட மன்னிக்கக்கூடியதுதான், அந்த வாக்கியம் அவ்வளவு கச்சிதமாக அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் போய் உட்கார்ந்திருந்தது. ஆனால் மதிப்புரையின் அடியில் கட்டம் போட்டு 'பக்: 256' என்று எழுதியது யார். அவள்தான். பதிப்பு விவரத்தைப் பார்த்து எழுதியவள், கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கவில்லை. அவள் படிக்கிற கதைகளில் கொலைகாரன் இப்படி ஒரு தடயத்தை அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்தால், நம்ப முடியவில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருப்பாள். தலைப்பு வேறு. 'மூடாத கதவின் துணிச்சல்.' தமிழ் மர்ம நாவலில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் காட்டியே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை ஒரு புதிய எழுத்தாளர் உடைத்திருக்கிறார், வாசகனை நம்பி வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பத்தியை எழுதிய அன்று அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. ஒரு பைண்டரின் ஞாபகமறதியைத் துணிச்சல் என்று பாராட்டி நானூற்றைம்பது வார்த்தை.

பக்கத்து இருக்கையில் நாங்குநேரிக்கோ வள்ளியூருக்கோ போகிற ஒரு அம்மாள், மடியில் சுவர்க் கடிகாரப் பெட்டி. கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டு போகிறார் போல, பளபளக்கிற தாள் சுற்றியிருந்தது. கடையில் ஓட்டிக் காட்டிவிட்டு பேட்டரியைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். தாளுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் பியூலாவின் மனம் அந்தப் பெட்டிக்குள் உடனே ஒரு வெடிகுண்டை வைத்து, டிரைவருக்குப் பின்னால் ஒரு மாறுவேட அதிகாரியையும் உட்கார வைத்திருக்கும். இப்போது சத்தம் மட்டும்தான் கேட்டது. திங்கட்கிழமை அச்சு. இன்று ஞாயிறு. புதன் இரவே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், தம்பி, எனக்கு வந்த பிரதியில் அந்தப் பக்கங்களே இல்லை என்று ஒரு வரி, பத்து நொடி வேலை. வியாழன் காலை போனைக் கையில் எடுத்தாள், தோசைக்கல் புகைந்தது, வைத்துவிட்டாள். வெள்ளி மதியம் வில்பிரட்டின் எண்ணை எடுத்தவள், பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மருந்துக்கடைக்குப் போட்டாள். சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு முழுப் பிரதியை வாங்கினாள், எண்ணிப் பார்த்தே வாங்கினாள், இருநூற்று ஐம்பத்தாறும் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்துக்கும் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள். படிக்கவில்லை. படித்துவிட்டால் ஏதாவது முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ரப்பர் பேண்ட் அவளுடைய நாற்பது வருஷப் பழக்கம், அண்ணன் சாலமோன் செய்த வினை. வாடகை நூலகத்திலிருந்து வாரத்துக்கு மூன்று மர்மக்கதை வீட்டுக்கு வரும், அண்ணன் முதலில் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிடுவான். அவளுக்காக மட்டும் இல்லை, அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுக்கப் போகிற தெருக்காரர்கள் எல்லாருக்காகவும். நூலகக்காரர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சண்டை போட்டார். அண்ணன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், போனில் பேசினாலும் படத்தின் முடிவைத்தான் முதலில் சொல்வான். பென்சிலை அழிக்கலாம், அவன் வாயை மூட முடியாது, அதனால் அவள் முந்திக்கொண்டாள். புத்தகம் வீட்டுக்குள் வந்ததும் கடைசிப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ரப்பர் போட்டுவிட்டால், அண்ணன் அவிழ்த்தானா இல்லையா என்பது தெரிந்துவிடும், அவள் போடுகிற முறுக்கை அவனால் போட முடியாது. பிறகு தனக்கே காவலாக அது நின்றுவிட்டது. முடிவை முன்கூட்டிப் பார்க்காமல் படிக்கிற ஒரே விமர்சகி என்று இணைப்பு ஆசிரியர் நடேசலிங்கம் அவளை ஒரு விழாவில் அறிமுகப்படுத்தினார், கூட்டம் சிரித்தது. 'உப்புக் கதவு' தபாலில் வந்த அன்றும் ரப்பர் போட்டாள். இருநூற்று இருபத்தைந்திலிருந்து இருநூற்று நாற்பது வரை. இல்லாத முடிவைக் காப்பாற்றுவதாக நினைத்து, நடுக்கதையைக் கட்டி வைத்திருக்கிறாள்.

"படிக்கிற புள்ளையாட்டம் ரப்பர்லாம் போட்டு வச்சிருக்கீங்க," என்றார் கடிகாரத்து அம்மாள். பையிலிருந்து புத்தகம் எப்போது கைக்கு வந்தது என்று பியூலாவுக்கே தெரியவில்லை. முடிவைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று சொன்னதும் அந்த அம்மாளுக்கு நிஜமாகவே புரியவில்லை. முடிவு தெரியாமல் எதற்கு இத்தனை பக்கம் படிக்க வேண்டும், தான் டிவி தொடர் என்றால் யாரையாவது கேட்டு அடுத்த வாரத்துக் கதையைத் தெரிந்துகொண்டுதான் நிம்மதியாக உட்காருவேன், எவ தாலிக்கு ஆபத்து என்று தெரியாமல் சோறு எப்படி இறங்கும் என்று கேட்டார். பியூலா சிரித்து வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முடிவு தெரியாமலே சோறு இறங்கியிருக்கிறது, மூன்று வாரமாக, பாராட்டுகள் வேறு. பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்த முடிவைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு அந்த நாவலே விளங்கியது என்றார். அவர் கையிலிருந்தது முழுப் பிரதியாகத்தான் இருந்திருக்கும். கடைசிப் பதினாறு பக்கத்தையும் படித்தவர், அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, தான் படித்ததையே படிக்காததாக ஆக்கிக்கொண்டார். வில்பிரட் மட்டுமா, ஊரே அதை நாசூக்கு என்று எடுத்துக்கொண்டது. பதினோரு வருஷமாகச் சேர்த்த பெயர் என்ன செய்யும் என்பதை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள், அது கண் முன்னால் இருக்கிற பக்கத்தையும் மறைக்கும்.

நாங்குநேரி வந்தது, போனது. நாலு பேர் ஏறினார்கள், யாரோ வேர்க்கடலை விற்றார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நோட்டை நினைத்துக்கொண்டாள். மதிப்புரைக்கு எடுக்கிற ஒவ்வொரு நாவலுக்கும் கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவாள். இடது பக்கத்தில் யார்மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எந்தப் பக்கத்தில் தீர்ந்தது. வலது பக்கத்தில், மாயக்கதையாக இருந்தால், அந்த உலகத்தின் சட்டங்கள். மந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம், ஆனால் எழுதியவன் தானே போட்ட சட்டத்தை மீறினால் அவள் விடமாட்டாள். 'உப்புக் கதவு' நடப்பது நுரைப்பட்டினம் என்கிற கற்பனைத் துறைமுகத்தில். கடலில் இறந்தவர்கள் அவரவர் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை திரும்பி வருவார்கள், உப்பால் ஆன ஒரு கதவு வழியாக. அந்தக் கதவை யாரோ களவாகத் திறந்து திறந்து வைக்க, உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் நடந்து போய்க் காணாமல் போகிறார்கள், ஆறு மாதத்தில் ஆறு பேர். திறப்பது யார் என்று தேடுகிறவள் கலங்கரை விளக்கைக் காக்கிற ஆழினி. இடது பக்கத்தில் பியூலா துறைமுகத் தலைவன் நெய்தரனை எழுதி, அடித்து, உப்பு வியாபாரியை எழுதியிருந்தாள். வலது பக்கத்தில் மூன்றாவது சட்டம், அறுபத்தொன்றாம் பக்கம், இறந்தவர்களின் பெயரை நேரம் வரும்வரை எவரும் உச்சரிக்கக் கூடாது. அதற்கெதிரே சிவப்பு மையில், 'பின்னால் வரவே இல்லை, ஆசிரியர் மறந்துவிட்டார்' என்று குறித்திருந்தாள். மதிப்புரையிலும் எழுதினாள். அந்த ஞாயிறு கீழ்மூலையில் ஒரு மெத்தை விளம்பரம் வந்துவிட்டது, நடேசலிங்கம் போன் செய்து ஆறு வரி குறைக்கணுமே என்றார், அவள் அந்தக் குறையைத்தான் எடுக்கச் சொன்னாள், முதல் நாவல்தானே, பாவம் என்று. மெத்தை வராமல் இருந்திருந்தால் வில்பிரட் அந்த வரியைப் படித்த நிமிஷமே, இந்தம்மா கடைசி அத்தியாயத்தையே பார்க்கவில்லை என்று கண்டுபிடித்திருப்பார். கோபப்பட்டிருப்பார், சிரித்திருப்பார், எப்படியும் முடிந்திருக்கும். அவள் காட்டிய கருணைதான் அவளை மாட்டிவிட்டது.

சொன்னால் என்ன ஆகும். மனம் அந்த இடத்துக்கு வந்து வந்து நின்றது. நடேசலிங்கம் திட்டமாட்டார், அவர் திட்டுகிற ஆள் இல்லை. 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி போடுவார், ஊர்ப்பெயர் மாறிப்போனதற்கும் படம் மாறிப்போனதற்கும் போடுகிற அதே சின்ன எழுத்தில். பிறகு ஒரு மாதம் கழித்து, பக்கம் குறைகிறது, விளம்பரம் இல்லை, கொஞ்ச நாள் இடைவெளி விடுவோமா என்பார். அதற்கு அவளே ஒரு 'ம்' சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம் சாலமோன். எத்தனை வருஷம் அவனை ஏளனம் செய்திருக்கிறாள், முடிவை மட்டும் தெரிந்துகொண்டு கதையைக் கோட்டைவிட்டவன் என்று. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை அச்சாகும், இருநூற்று நாற்பது பக்கத்தோடு அழகாக முடியும், அவள் எழுதியது உண்மையாகிவிடும், பக்க எண்ணைக்கூட இனி யாரும் ஒப்பிட முடியாது. முதல் பதிப்பு வைத்திருக்கிறவர்கள் அதைப் பழைய முடிவு என்பார்கள். அதோடு, ஒருவேளை அது நிஜமாகவே நல்லதாக இருந்தால்? நூலாசிரியருக்கே சம்மதம், பதிப்பாளருக்குச் சம்மதம், நாவலும் இறுகியிருக்கும். தற்செயலாகப் பிழை விழுந்த இடத்தில் கலை அமைவது உண்டு என்று ஒரு கட்டுரையே எழுதலாம், அவளால் முடியும், நானூற்றைம்பது வார்த்தை. இந்த யோசனை எவ்வளவு சுலபமாக வாக்கியம் வாக்கியமாக வந்தது என்பதைக் கவனித்ததும் அதை அங்கேயே நிறுத்தினாள். கண்டக்டர் வள்ளியூர் வள்ளியூர் என்று கத்தினார். கடிகாரத்து அம்மாள் பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தார். "அவுத்துப் பாத்திருங்க, பாக்காம எறங்கினா மனசுக்குள்ளேயே கெடக்கும்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். சத்தம் அவரோடு போய்விட்டது. பேருந்து கிளம்பி ஊர் எல்லை தாண்டியதும் பியூலா ரப்பரை உருட்டி எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

இருநூற்று நாற்பத்தொன்று. கதவைத் திறந்தவள் ஆழினியேதான். தேடுகிறவளே திறந்தவள், ஒவ்வொரு இரவும் விளக்கை ஏற்றிவிட்டு இறங்கிவந்து, தம்பி ஒருவன் திரும்பி வருவான் என்று திறந்து வைத்துவிட்டு, விடிந்ததும் யார் திறந்தது என்று ஊரோடு சேர்ந்து தேடியிருக்கிறாள். நோட்டின் இடது பக்கத்தில் அந்தப் பெயர் இல்லவே இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாத் தடயமும் இருந்தது, முப்பதாம் பக்கத்தில் ஆழினி கையில் உப்புக் கீறல், தொண்ணூறில் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோவது. இத்தனை வருஷத்தில் இப்படி ஏமாந்தது நாலைந்து தடவை இருக்கும், ஏமாறும்போது வருகிற அந்தக் குளிர்ந்த சந்தோஷம் வந்தது, இன்றைக்கு அதை அனுபவிக்க உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. இருநூற்று நாற்பத்தெட்டில் கதவை மூட வேண்டிய நேரம் வருகிறது. அதை மூடுவதற்கு ஒரே வழி, அறுபத்தொன்றாம் பக்கத்துச் சட்டம். கடலில் போனவர்களின் பெயரை ஊர் கேட்க ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆழினி விளக்கு மேடையில் ஏறிச் சொல்கிறாள். அங்கே நாவல் இடறுகிறது. அதுவரை நெய்தரன், ஆழினி, முந்நீரன் என்று இழைத்து இழைத்து வைத்த பெயர்கள் எல்லாம் போய், சூசைநாயகம் என்று வருகிறது. கீழத்தெரு, இரண்டு பெண்பிள்ளைகள். லாசர், பீடி பிடிக்கமாட்டான். அந்தோணிப்பிச்சை, இஞ்சின் சத்தத்தை வைத்தே படகைச் சொல்வான். ஜெரோன். மிக்கேல், மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், தங்கைக்கு. ஐந்து பக்கம். கற்பனைத் துறைமுகத்தில் பீடி எங்கிருந்து வந்தது. மொழி ஒருமை குலைகிறது, மாய உலகத்தின் கட்டு அவிழ்கிறது, பட்டியல் நீளம் என்று அவள் நகம் தானாகவே ஓரத்தில் குறி போட்டது. முழுப் பிரதி கிடைத்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பாள். கடைசிப் பகுதி சுமார், சுருக்கியிருக்கலாம் என்று. ஆக, பைண்டர் செய்ததும் அவள் செய்திருக்கக்கூடியதும் ஒன்றேதான்.

காவல்கிணறு தாண்டி மலை தெரிந்தது. பதினெட்டாவது பெயர் கிளீட்டஸ். பியூலா அங்கே நின்றுவிட்டாள். ஒரு புயலுக்குப் பிந்திய மாசியில், அவள் ஒரு கடற்கரை நகராட்சிக்கு எட்டு மாதம் மாற்றலில் போயிருந்தாள். இறப்புச் சான்றிதழ் கேட்டு ஒரு பெண் வந்தாள், கையில் குடும்ப அட்டை, ஒரு கல்யாணப் போட்டோ. உடல் வந்ததா என்று பியூலா கேட்டாள், கேட்டுத்தான் ஆக வேண்டும், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. வரவில்லை என்றாள். அப்படியென்றால் காணாமல் போனவர் கணக்கு, ஏழு வருஷம் ஆகணும்மா, இல்லை அரசாங்கம் தனியாக உத்தரவு போடணும் என்று விளக்கினாள், மரியாதையாகத்தான் விளக்கினாள். அந்தப் பெண் வாதாடவில்லை. "சரி. பேரயாவது எங்கயாச்சும் எழுதி வச்சிக்கிடுங்க," என்றாள். எழுதி வைக்க இடம் இல்லை. பதிவேட்டில் இருந்தால் செத்தவர், இல்லாவிட்டால் இருக்கிறவர், நடுவில் பக்கம் கிடையாது. கிளீட்டஸ் என்று அவள் சொன்ன பெயரைப் பியூலா தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள், அந்தப் பெண் படி இறங்கியதும் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அந்தக் கிளீட்டஸ்தான் இந்தக் கிளீட்டஸ் என்று சொல்ல முடியாது. அந்தக் கரையில் கிளீட்டஸ்கள் நூறு பேர் இருப்பார்கள். புத்தகத்தில், 'கிளீட்டஸ், தண்ணி மோந்து குடிக்கிற செம்பைக் கொண்டு போயிருந்தான்' என்றிருந்தது. ஆழினி சொன்ன பெயர்களை எண்ணினாள், முப்பத்து நான்கு. கடைசிப் பெயர் அருளப்பன், அதற்கு மட்டும் விளக்கம் ஒன்றும் இல்லை. காற்றாலைகள் ஜன்னலுக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன, ஓடுவதும் இருந்தது, நிற்பதும் இருந்தது. அவள் புத்தகத்தின் முன்பக்கத்துக்குப் போனாள். மதிப்புரை எழுதும்போது சமர்ப்பணப் பக்கத்தை அவள் எப்போதும் தாண்டிவிடுவாள், அது எழுதியவரின் சொந்த விஷயம், நாவலைச் சேர்ந்ததில்லை என்பது அவள் கட்சி. 'தம்பி அருளப்பனுக்கு, அண்ணன்.' அவ்வளவுதான். இதை எடுத்துவிடத்தான் அந்த ஆள் புதன்கிழமை அவ்வளவு பணிவாக அனுமதி கேட்டார். அதற்குத்தான் அவள் 'ம்' சொன்னாள். சான்றிதழ் பிரிவில் அவள் சொல்லாத 'இல்லை'யே கிடையாது, ஒரே ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் மூக்கால் முனகியிருக்கிறாள். தோவாளை வந்தது. அந்தப் பெயர்ப் பட்டியல் சுமார்தான் என்பது மட்டும் மாறவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் பொய்யாகிவிடும். எந்த வரிசையில் சொல்வது என்று யோசித்தாள், முதலில் மன்னிப்பா, முதலில் பாராட்டா. வடசேரி நிலையத்துக்குள் பேருந்து திரும்பும்வரை வாக்கியம் அமையவில்லை.

வில்பிரட் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். போட்டோவில் பார்த்ததைவிட உயரம் குறைவு, இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் கழுவிப் போகாத கிரீஸ். பயணம் சௌகரியமா, காப்பி குடிக்கலாமா, பதிப்பாளர் அரங்கத்தில் இருக்கிறார், நாற்காலி நூறு போட்டிருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னார். காப்பி அப்புறம் என்றாள் பியூலா. அவரை நிலையத்தின் தூண் ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"தம்பி, எனக்கு வந்த புத்தகத்துல கடைசி ஃபாரம் இல்ல. இருநூத்தி நாப்பதோட முடிஞ்சிட்டு. நான் நாசூக்கா ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாது."

வில்பிரட்டுக்கு முதலில் அது ஏறவில்லை. ஃபாரமா என்று கேட்டார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, நிற்காமல் போய்விட்டது. புதன்கிழமை நான் சொன்னபோதே தெரியுமா என்று கேட்டார். நீங்கள் சொன்ன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன், பார்த்த பிறகு கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும், சொல்லவில்லை, பயம் என்றாள். பக்கத்தில் ஒரு பேருந்து பின்னால் வந்து விசிலடித்து நின்றது.

"மூணு வாரமா அத எடுக்கியதுக்கு மனசத் தேத்திக்கிட்டு இருக்கேன்," என்றார். "அம்மைட்ட சொல்லிட்டேன். பெரிய ஆளுங்க சொன்னா காரணம் இருக்கும்னு சொல்லிட்டேன்."

அவள் தலை குனியவில்லை, குனிந்தால் அதுவும் ஒரு தப்பித்தல் ஆகிவிடும் என்று பட்டது. ரப்பர் இறுகி மணிக்கட்டு சிவந்திருந்தது. அவர்தான் மறுபடி கேட்டார், இஞ்சின் பழுதைக் கேட்கிற மாதிரி. இப்போது வாசித்தாயிற்றா. வாசித்தேன். எப்படி.

"திறந்தது ஆழினின்னு நான் கண்டுபிடிக்கல. அது ரொம்ப நல்லாருக்கு. பேரு வர்ற எடம் சுமார். பாஷை மாறுது, கத நின்னுபோவுது."

"அப்ப எடுக்கலாம்ங்கியளா?"

"எடுக்காதீங்க."

சுமார் என்றால் ஏன் எடுக்கக் கூடாது என்று அவர் கேட்டது நியாயம்தான். கிளீட்டஸைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது, அதைச் சொன்னால் அனுதாபம் தேடுகிற மாதிரி ஆகிவிடும். அந்தப் பெயர்களை எழுதி வைக்க வேறு இடம் இல்லை என்று மட்டும் சொன்னாள். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினார், நிறுத்தினார். மேடையில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் குரலில் இப்போது மேடம் இல்லை, அக்காவும் இல்லை.

"முதல்ல இந்த ஃபாரம் விஷயத்தச் சொல்லிருதேன், பதிப்பாளர் காதுலயும் விழணும்ல. பெறவு அந்தப் பேருங்கள வாசிக்கட்டுமா? வேற பேச்சு ஒண்ணும் எழுதிட்டு வரல."

வில்பிரட் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், ஓரத்தில் அவள் போட்ட குறிகள் தெரிந்திருக்கும்.

"முப்பத்தி நாலு பேரு," என்றார். "நேரமாவும்."

"இருபது நிமிஷம் குடுத்திருக்கீங்கல்லா," என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, பியூலா ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.